கொசஸ்தலையாற்றின் தலைப்பள்ளத்தாக்கு

நகரி மலைச்சாரல் முதல் எர்ணாவூர்க் கழிமுகம் வரை

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் செல்லும் வழியில் எர்ணாவூர் உள்ளது. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் எல்லையாக, இடைப்பட்ட நிலமெல்லாம் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. ஏர் பூட்டி உழும் நிலத்தை இங்கே தேடித்தான் காண வேண்டும். இவ்வூருக்குச் சிறிது வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தில், ஏறத்தாழ 136 கிலோமீட்டர் நடந்து வந்த கொசஸ்தலையாறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் இம்முனையைப் பார்த்தவர் பலர். அதன் தலையைப் பார்த்தவர் சிலரே. புகைக்கூண்டுகளுக்கிடையே உப்பு நீராய் முடியும் இவ்வாறு, ஆரவாரமற்ற மலையடிப் பள்ளத்தாக்கொன்றில், மாந்தோப்புகளுக்கும் மணிலாக்கொட்டை வயல்களுக்கும் நடுவே ஓடைகளாய்த் தொடங்குகிறது. அப்பள்ளத்தாக்கின் அழகையும் பயனையும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம். மேலே உள்ள ஓர் ஏரியின் கரைக்கும் கீழே உள்ள ஒரு கிணற்றின் சுவைக்கும் உள்ள உறவு, ஆற்றை முழுதும் நோக்கினாலன்றி விளங்காது.

இருப்பிடமும் மலைகளும்

சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், நகரி மலைகள் எழுகின்றன. இவற்றின் முகப்பில் மூக்கைப் போல் முன்னே நீண்டு நிற்கும் சிகரம் ஒன்று உண்டு. அதனை ‘நகரி மூக்கு’ என்பர். அது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரமுள்ளது. கலங்கரை விளக்கங்கள் பெருகாத காலத்தில், சென்னைத் துறையை நோக்கி வந்த மாலுமிகள் கரை கண்ணுக்குத் தெரியுமுன்னரே இம்மூக்கை அடையாளமாகக் கொண்டு கப்பலைச் செலுத்தினர். ஆற்றின் தலையும் கடலும் ஒன்றையொன்று அறிந்தவை என்பதற்கு இது பழைய சான்று.

இம்மலைகள் பெரும்பாலும் படிகக்கல் பாறையால் ஆனவை. மழையாலும் வெயிலாலும் எளிதில் கரையாத கல் ஆதலின், உச்சிகள் கத்தி கொண்டு சீவியது போல் செங்குத்தாய் நிற்கின்றன. அடிவாரத்தில் கூழாங்கற்கள் பரவிய செம்மண் சரிவுகளும், அவற்றுக்குக் கீழே சமநிலமும் அமைந்துள்ளன. பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிகளே உயர்ந்தது. நீலகிரியையோ கொடைக்கானலையோ போன்ற குளிர்ச்சியை இங்கே எதிர்பார்த்தல் கூடாது. கோடையில் வெயில் கடுமையே. ஆயினும் ஐப்பசி முதல் தை வரை, மழை பெய்து ஏரிகள் நிறைந்து மலைகள் பசுமை போர்த்திருக்கும் நாட்களில், இந்நாட்டின் தோற்றம் கண்ணுக்கு விருந்தாகும்.

மலைக்காடுகள் வறண்ட வகையைச் சேர்ந்தவை; முட்புதர்களும் குட்டை மரங்களுமே மிகுதி. ஆனால் இப்பகுதிக் காடுகளுக்குத் தனிப்பெருமை தரும் மரம் ஒன்றுண்டு. அது செஞ்சந்தனம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய்க் காடாக வளராத மரம் இது. களவாக வெட்டிக் கடத்துவோரால் இதற்கு நேர்ந்துள்ள இடர் யாவரும் அறிந்ததே.

ஆறுகள் கூடும் முறை

கொசஸ்தலையாற்றுக்கு வேர்கள் இரண்டு. ஒன்று தென்மேற்கே இராணிப்பேட்டை ஜில்லாவில் காவேரிப்பாக்கம் பேரேரியின் உபரி நீரால் ஆவது. அது கிழக்கு நோக்கி வந்து கேசவரம் அணைக்கட்டை அடைகிறது. கூவமாறு பிரிந்து சென்னைப் பட்டினத்தை நோக்கிச் செல்வது இவ்வணைக்கட்டிலிருந்தே. மற்றொரு வேரே இக்கட்டுரைக்குரிய பள்ளத்தாக்கிலிருந்து வருவது. ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் ஜில்லாவில் கார்வேட்டிநகரத்தை அடுத்த மலைச்சாரலில் பெய்யும் மழை, கிருஷ்ணாபுரம், அம்மப்பள்ளி ஆகிய நீர்த்தேக்கங்களில் தங்கி, மிஞ்சியது வழிந்து பள்ளிப்பட்டு தாலூகாவில் நுழைகிறது. இங்குள்ள ஓடைகளுக்கு லவ, குச என இராமபிரானின் மைந்தர் பெயர்கள் வழங்குகின்றன. குசஸ்தலை என்னும் பெயரே மக்கள் நாவில் கொசஸ்தலையாயிற்று. நகரியாறும், திருத்தணியை அடுத்து ஓடும் நந்தியாறும் சேர, எல்லாம் ஒன்றாகிப் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகின்றன.

இவை வற்றாத ஆறுகள் அல்ல. ஆண்டில் பெரும்பகுதி மணற்படுகையாகவே கிடப்பவை. மேலைக்கு நாலைந்து நாள் நல்ல மழை பெய்தால் மட்டும் கரைபுரண்டு வரும். 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் கார்த்திகை வெள்ளங்களில், மேலே திறந்துவிடப்பட்ட உபரி நீர் பள்ளிப்பட்டுப் பகுதித் தரைப்பாலங்களை மூழ்கடித்துக் கிராமங்களைத் துண்டித்ததும், அதே நீர் கீழே மணலிப் புதுநகர் வரை சென்று வீடுகளில் புகுந்ததும் மக்கள் மறவாதவை. எனவே இப்பள்ளத்தாக்கில் ஆற்றின் நீரைக் காட்டிலும் ஏரிகளின் நீரே குடியானவனுக்கு நம்பிக்கை. ஆற்றில் ஓடுவது சில நாட்கள். ஏரியில் தங்குவது சில மாதங்கள். மணலினூடே நிலத்தடியில் இறங்குவது பல ஆண்டுகளுக்கு உதவுவது.

மண்ணும் மழையும் பயிரும்

திருவள்ளூர் ஜில்லாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. தென்மேற்குப் பருவமழையும் ஆடி, ஆவணியில் ஓரளவு உதவுகிறது. இவ்விரு மழையையும் நம்பியே பட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. நஞ்சையில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகங்கள் வழங்குகின்றன. ஏரி நிறைந்த ஆண்டில் சம்பாவும் நவரையும் கைகொடுக்கும். சொர்ணவாரி பெரும்பாலும் கிணற்றை நம்பியது. ஆதலின் கிணற்றுக்குக் கேடு வருங்கால் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. சன்னரக நெல்லை விரும்புவோர்க்கு, திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2015-இல் வெளியான டி.கே.எம். 13 என்னும் ரகம் இந்நாட்டு மண்ணிலேயே சோதித்துத் தேறியது. ஏறத்தாழ 130 நாட்களில் அறுவடைக்கு வருவது.

மேட்டு நிலத்துச் செம்மண்ணுக்கு மணிலாக்கொட்டை மிகப் பொருந்தியது. மானாவாரியாய் ஆடியிலும், இறவையாய் மார்கழி, தை மாதங்களிலும் விதைப்பர். பள்ளிப்பட்டு, திருத்தணி தாலூகாக்களில் கரும்பும் பரவலாகப் பயிராகிறது; திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அதற்குச் சந்தை. எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கங்களில் மாவே தலைமைப் பயிர். சித்தூர் ஜில்லாவின் தோதாபுரி மாம்பழம் சாறு பிழியும் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போனது. நுனி வளைந்திருப்பதால் தமிழ்நாட்டில் அதனைக் கிளிமூக்கு என்பர். நகரி மூக்கின் அடியில் கிளிமூக்கு விளைவதைச் சிலர் வேடிக்கையாகக் குறிப்பதும் உண்டு.

மாந்தோப்பு இந்நிலத்துக்குச் செய்யும் உதவி பழத்தோடு முடிவதன்று. கூழாங்கல் நிறைந்த சரிவை ஆண்டுதோறும் உழுதால் மேல் மண் ஓடைக்குப் போய்விடும். மரப்பயிர் நிற்கும் சரிவில், வாய்க்கால் வெட்டிச் சமமட்ட வரப்புகளும் போட்டுவிட்டால், மழை நீர் தங்கி இறங்கும். கீழேயுள்ள ஏரியில் மண் தூர்வதும் குறையும்.

காணத்தக்க இடங்கள்

இப்பள்ளத்தாக்கில் ஆரவாரமான கேளிக்கை இடங்கள் இல்லை. கோயிலும், ஊற்றும், ஏரிக்கரையும், பழைய கற்களுமே இங்குள்ள காட்சிகள். அவற்றைப் பொறுமையோடு காண்போர்க்கு நிறைந்த பயன் உண்டு.

திருத்தணி முருகன் கோயில் முதலிற் குறிக்கத்தக்கது. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் ஏறி மேலே சென்று வடக்கே நோக்கினால், நகரி மலைகளும் அவற்றின் அடியில் விரிந்த வயல்களும் ஏரிகளும் ஒரே பார்வையில் அடங்கும். ஏரிகள் எவ்வாறு ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிபோல் அமைந்துள்ளன என்பதைக் கற்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. இந்திய நாட்டின் ஜனாதிபதியாக விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்ததும் இத்திருத்தணியிலேயே.

எல்லைக்கு அப்பால், நகரியை அடுத்துக் குசஸ்தலையின் கரையில் புக்க அக்கிரகாரம் என்னும் சிற்றூர் உள்ளது. ‘புக்க’ என்பது தெலுங்கில் ஊற்றைக் குறிக்கும் சொல். காசி விசுவேசுவரர் கோயிலும், மரநிழலும், ஆற்றோரத்து அமைதியும் கொண்ட ஊர் இது. நகரியிலுள்ள கரியமாணிக்கப் பெருமாள் கோயில், பெயராலேயே தமிழ் வழக்கைக் காட்டுவது. புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டைக்குச் செல்லும் வழியில் கைலாசகோன என்னும் அருவி உள்ளது. ‘கோன’ என்றால் மலையிடுக்கிலுள்ள பள்ளத்தாக்கு. இவ்வருவியின் நீர் கொசஸ்தலைக்கு அன்றி அதன் வடக்கே அண்டை ஆறாகிய ஆரணியாற்றுக்குச் சேர்வது. எனினும் இம்மலைகளைக் காண வருவோர் அதனையும் கண்டு செல்வது வழக்கம்.

திருவாலங்காடு சிவபெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தினசபை விளங்கும் தலம். காரைக்கால் அம்மையாரோடு தொடர்புடையது. 1905-இல் இங்கே கிடைத்த முதலாம் இராஜேந்திர சோழனின் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. பழையனூர் என்னும் ஊரை இக்கோயிலுக்கு அளித்ததை அவை கூறுகின்றன. ஊரின் எல்லைகளை ஒவ்வொன்றாக நடந்து குறித்து எழுதிய அவ்வேடுகள், நில அளவையும் நீர் உரிமையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் எவ்வளவு கருத்தோடு பேணப்பட்டன என்பதைக் காட்டும். இன்று புலப்படம் கையில் வைத்திருக்கும் கிராம நிர்வாக அலுவலரின் வேலை அக்காலத்து ஊர்க் கணக்கரின் வேலையின் தொடர்ச்சியே ஆகும்.

இவை எல்லாவற்றினும் தொன்மையானது பூண்டியை அடுத்த அத்திரம்பாக்கம். இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863-இல் இங்கே ஆதி மனிதர் செய்த கற்கருவிகளைக் கண்டெடுத்தார். மலையிலிருந்து ஆறு உருட்டிக் கொணர்ந்த படிகக்கல் கூழாங்கற்களையே அவர்கள் செதுக்கிக் கோடரியாக்கினர். பிற்காலத்தில் சாந்தி பப்பு முதலியோர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் வெளியிட்டனர். அருகே அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள் உள்ளன. பூண்டியில் தொல்பொருள் அகழ்வைப்பகமும் உண்டு. ஏர்க்காலில் தட்டுப்படும் கல்லெல்லாம் வெறுங் கல்லன்று என்பதை இந்நாட்டு உழவர் அறிதல் நன்று. இலை வடிவில் இருபுறமும் செதுக்கிய கல் கிடைப்பின் அதனை எறியாது, கிடைத்த இடத்தைக் குறித்து அகழ்வைப்பகத்தாருக்குத் தெரிவிக்கலாம்.

எல்லைகளும் மக்களும்

இப்பள்ளத்தாக்கில் தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. திருத்தணியும் புத்தூரும் முன்னர் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்தன. 1911-இல் சித்தூர் ஜில்லா தனியாக அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர இராஜ்யம் பிரிந்தபோது திருத்தணி அதனோடு சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரல் முதல் தேதி அது சென்னை இராஜ்யத்துக்கு மீண்டது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதை இவ்வெல்லையைக் கடந்து பள்ளத்தாக்கினூடே செல்கிறது. எல்லைப்புறத்து வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை நிலையத்தின் பெயர்ப்பலகை, பெயரின் நீளத்தாலேயே பிரயாணிகளின் கண்ணைக் கவர்வது. நகரி, பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களில் நெசவே உழவுக்கு அடுத்த தொழில். மழை பொய்த்த ஆண்டில் பல குடும்பங்களைத் தாங்குவதும் தறியே.

நிலத்தில் எல்லை வகுக்கலாம். மழை அதனை அறியாது. கொசஸ்தலையாற்றின் நீர்ப்பிடிப்பில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பு ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. 2022-இல் அவ்விராஜ்யம் கத்தாரப்பள்ளி, முக்கலகண்டிகை ஆகிய இடங்களில் புதிய நீர்த்தேக்கங்கள் கட்ட முற்பட்டபோது தமிழ்நாட்டு அரசு தன் மறுப்பைத் தெரிவித்தது. மேல்நாட்டு உழவனுக்கும் தண்ணீர் வேண்டும். கீழ்நாட்டு உழவனுக்கும் வேண்டும். இவ்வழக்கின் முடிவு எதுவாயினும், வரும் நீரை வீணாக்காது தேக்கும் கடமை இருபாலார்க்கும் பொது.

பூண்டியும் அதற்குக் கீழும்

பள்ளத்தாக்கு முடிந்து சமவெளி தொடங்கும் வாயிலில் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. சென்னை மேயராக இருந்த எஸ். சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-இல் தொடங்கிய வேலை 1944-இல் முடிந்தது. 1943-இல் மறைந்த அவர் அது நிறைந்ததைக் காணவில்லை. அவர் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது. இப்போது அதன் முழுக் கொள்ளளவு 323 கோடி கன அடி. 1983-இல் தமிழ்நாடும் ஆந்திரப் பிரதேசமும் செய்த ஒப்பந்தப்படி கண்டலேறிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நதி நீரும் 1996 முதல் இதில் சேர்கிறது.

பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு உள்ளது. ஆற்று நீரை இங்கே மறித்துச் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பிப் பட்டினத்துக்குக் கொண்டு செல்லும் ஏற்பாடு 1872-இலேயே நடைமுறைக்கு வந்தது. கடலுக்கு முன் வல்லூர் அணைக்கட்டு கடைசியாக நிற்கிறது. ஆக, நகரி மலையில் பெய்த ஒரு துளி, ஏரி, நீர்த்தேக்கம், அணைக்கட்டு எனப் பல வாயில்களைக் கடந்த பின்னரே எர்ணாவூர்ப் பக்கத்தை எட்டுகிறது. பெருமழை ஆண்டில் அது வெள்ளமாய் வருகிறது. சாதாரண ஆண்டில் வருவதே இல்லை.

கடைமுனையில் நேர்ந்த கேடு

ஆற்றில் நன்னீர் வராதபோது கடல் உள்ளே வரும். இதனை மீஞ்சூர் வட்டாரத்து உழவர் தம் கிணறுகளில் கண்டனர். ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகிய இரண்டின் பழைய படுகைகளிலும் ஆழமான மணற்படுகைகள் உள்ளன. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகளின் உதவியோடு நடந்த ஆராய்ச்சி, அங்கே ஏராளமான நிலத்தடி நீர் உண்டெனக் காட்டியது. அதன்பின் பட்டினத்துக்கும் ஆலைகளுக்கும் அந்நீர் இறைக்கப்பட்டது, வயல்களுக்கும் இறைக்கப்பட்டது. மழை இட்டதைவிட இயந்திரம் எடுத்தது மிகுதியாயிற்று. முதலில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் அளவில் நின்ற உவர்நீர், பின்னர் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டில் புகுந்தது. நெல் விளைந்த நிலங்கள் களராயின. குடிநீர்க் கிணறுகள் வாயில் வைக்க ஒவ்வாதனவாயின.

இதன் காரணத்தை எளிதாக அறியலாம். நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. ஆதலின் நிலத்தடியில் அது உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், அதன் பாரம் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை உப்பு நீரை அழுத்தி வைக்கும். மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி எழும். கிணற்றில் ஓர் அடி குறைவதை அற்பமென்று கருதுவோர் இக்கணக்கை மறக்கலாகாது. ஒருமுறை உவர் ஏறிய மணற்படுகை மீண்டும் இனிப்பதற்கு நல்ல மழையும் இறைப்பின் குறைவும் பல ஆண்டுகள் தொடர வேண்டும்.

எர்ணாவூரை அடுத்த கழிமுகத்தின் நிலையும் இதனோடு சேர்ந்ததே. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் பெருகும். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது 2017-இல் மூடப்பட்டது. பின்வந்த மின் நிலையங்களும், 2001-இல் திறக்கப்பட்ட துறைமுகமும் கழிமுகத்தின் உப்பளங்களையும் சதுப்புகளையும் பெரிதும் மாற்றின. சாம்பல் படிந்து நீரோட்டம் சுருங்கியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் பரவி, வலை வீசுவோரின் பிழைப்பைக் கெடுத்தது. இவ்வளவுக்கும் மலைநாட்டு உழவன் பொறுப்பாளி அல்லன். ஆயினும் கழிமுகத்தைக் கழுவி உயிரூட்ட வல்லது மேலிருந்து வரும் நன்னீர் ஒன்றே. அது மேலே உள்ள ஏரிகளின் ஒழுங்கைப் பொறுத்தது.

செய்யத்தக்கன

ஏரித்தொடரின் நியதி யாதெனில், மேலேரியின் கலங்கல் வழிந்தால் கீழேரிக்கு வரத்து. இடையிலுள்ள போக்குக்காலை ஒருவர் உழுது வயலாக்கிக்கொண்டால், கோடையில் கீழேரி காயும். மழையில் வழி தெரியாத நீர் கரையை உடைக்கும். ஓரேரி உடைந்தால் அந்த வேகம் அடுத்த கரையையும் உடைக்கும். ஆகவே ஒருவர் அபகரித்த இரண்டு சென்று நிலத்தின் விலையை ஊர்கள் பல சேர்ந்து கொடுக்க நேரிடுகிறது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. சட்டம் எழுதப்பட்டிருப்பதால் மட்டும் கால் திறவாது. ஆடி பிறக்குமுன் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், ஏரியின் நீர்க்கட்டி ஆகியோர் புலப்படத்தைக் கையில் கொண்டு வரத்துக்காலை முழுவதும் ஒருமுறை நடந்து பார்த்தால், தகராறுகளில் பாதி அப்போதே தீரும்.

ஏரி வண்டல் இலவசமாய்க் கிடைக்கும் உரம். அதனை எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே அளிக்கும்படி 2024-இல் விதி எளிதாக்கப்பட்டுள்ளது. மேட்டுச் செம்மண் நிலத்துக்கு வண்டல் அடித்தால் ஈரம் தாங்கும் சக்தி கூடும். ஏரியின் ஆழமும் கூடும். ஆனால் கரையை ஒட்டியும் மதகை ஒட்டியும் தோண்டுவது கரைக்குக் கேடு. அளவுக்கு மிஞ்சிய ஆழத்தில் தோண்டினால் அந்நீர் மதகுக்கு எட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆற்று மணலோ எடுக்கத்தக்க பொருளன்று. அது நீரின் பத்தாயம். மணல் போன ஆற்றில் வெள்ளம் வந்த வேகத்திலேயே ஓடிவிடும். கிணற்றுக்கு ஒன்றும் இறங்காது.

கிணற்றுப் பாசனம் உடையோர் கோடை நெல்லைக் குறைத்து, அப்போகத்தில் மணிலாக்கொட்டை, கேழ்வரகு, உளுந்து, பயறு முதலியன இடுதல் நன்று. கரும்புக்குச் சொட்டுநீர் முறை ஏற்றது. உபயோகமற்ற பாழ்ங்கிணற்றைக் குப்பையால் தூர்க்காமல், வடிகட்டும் மணலும் ஜல்லியும் இட்டு மழைநீரை அதில் இறக்கலாம். கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விற்று அன்றாடப் பணம் காண்போர், நிலத்தின் முதலையே விற்கின்றனர். மீஞ்சூர் வட்டாரத்து அனுபவம் அவர்களுக்குப் பாடமாகுக.

1858-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம் குடிமராமத்து வேலையைக் குடிகளின் கடமையாக்கியது. கட்டாயத்தால் செய்வித்தது அக்காலம். தம் நலமே என உணர்ந்து செய்வது இக்காலத்துக்கு ஏற்றது. 2017 முதல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே அரசு பொருளுதவி செய்து பல ஏரிகள் சீர் செய்யப்பட்டன. சீர் செய்த கரையை ஆண்டுதோறும் புதர் நீக்கிக் காப்பதற்குப் பொருளுதவி வேண்டுவதில்லை. ஊரார் கூடி ஒரு நாள் உழைத்தால் போதும்.

பிரயாணக் குறிப்பு

இப்பள்ளத்தாக்கைக் காண விரும்புவோர் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் திருத்தணி வரை செல்லலாம். அங்கிருந்து பள்ளிப்பட்டுக்கும் நகரிக்கும் பேருந்துகள் உண்டு. பூண்டிக்குத் திருவள்ளூரில் இறங்கிச் செல்வது எளிது. கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். வெள்ளம் வரும் நாட்களில் தரைப்பாலங்களைக் கடக்க முயலுதல் ஆகாது. எர்ணாவூர், மணலி, மீஞ்சூர்ப் பக்கத்து நிலமுடையோரும் இளைஞரும் ஒருமுறையேனும் மேலே சென்று, தங்கள் ஆறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்து உழவரும் அவ்வாறே கீழே வந்து, உவர் ஏறிய கிணற்று நீரை ஒரு வாய் சுவைத்துப் பார்த்தல் வேண்டும். இருவரும் பார்த்தபின், போக்குக்காலை அடைக்க மேலே உள்ளவன் கை கூசும். அளவின்றி இறைக்கக் கீழே உள்ளவன் கை கூசும். ஆறு காக்கப்படுவதற்கு அக்கூச்சமே அடிப்படையாகும்.